அரை நாள் நடையும் அறுபது வருஷக் கேள்வியும்

கோச்சடையில் குடியேறி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. மேலக்கால் ரோட்டில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேருக்கு நான் புதுச்சேரிக்காரன் என்பதே தெரியாது. தெரிந்த இரண்டொருவரும், "பாண்டியா சார்? அப்ப ஜாலிதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பாண்டி என்றால் பாட்டில் என்று ஆகிப்போனது என் ஊரின் தலையெழுத்து.

போன மாதம் என் பேத்தி ஒரு வேலை செய்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "தாத்தா, உங்க எழுபத்தஞ்சாவது பிறந்த நாளுக்குப் பரிசு" என்று போனை நீட்டினாள். புதுச்சேரியில் அரை நாள் நடைச் சுற்றுலா. காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடியும். கூடவே ஒரு வழிகாட்டி வந்து தெருத்தெருவாகக் கதை சொல்வாராம். இரண்டு பேருக்குப் பணமும் கட்டிவிட்டாள்.

பிறந்து வளர்ந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால், அக்கா காலமான பிறகு பதினோரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. சரி என்றேன். வைகை எக்ஸ்பிரஸில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். இரவு ஒரு சின்ன லாட்ஜில் தங்கி, மறுநாள் விடிகாலையில் கடற்கரைக்குப் போனோம்.

போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் ஓடாது. நம் வயதுக்காரர்கள் பயமில்லாமல் நடுரோட்டில் நடக்கலாம். மொத்த நடையும் நாலு கிலோமீட்டர் இருக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.

தெற்குக் கோடியில் துய்ப்ளெக்ஸ் சிலையடியில் சேர்ந்தோம். மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி இருபத்தைந்து வயதுப் பெண், தெளிவாகப் பேசினாள். எல்லாரையும் எந்த ஊர் என்று கேட்டாள். நான் மதுரை என்றேன். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

சிலை 1870இல் வைத்தது. துய்ப்ளெக்ஸ் 1742இலிருந்து 1754 வரை இங்கே கவர்னர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கடலுக்கும் சாலைக்கும் நடுவே மணல் இருந்தது. அதில் கபடி ஆடியிருக்கிறோம். பிறகு மணல் எங்கே போயிற்று என்று அந்தப் பெண் நன்றாக விளக்கினாள். இந்தக் கரையோரம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கட்டி கடலுக்குள் நீட்டினார்கள். வருகிற மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. இருந்த மணலை அலை வடக்கே கொண்டுபோனது. ஊர்க் கரையைக் காப்பாற்ற வரிசையாகப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். சில வருஷங்களுக்கு முன் கடலுக்குள் இரும்பால் ஒரு செயற்கைத் திட்டு போட்ட பிறகு ஒரு பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. நம் வைகையில் மணல் போன கதை வேறு. ஆனால் போனது போனதுதான். கோச்சடைப் பக்கம் ஆற்று மணலில் நடந்து அக்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அங்கிருந்து துய்மா வீதிக்குள் நுழைந்தோம். 1855இல் கட்டிய சம்மனசுகளின் ராக்கினி மாதா கோயில். இங்கே தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு. எதிரே சின்னத் தோட்டத்தில் ழான் தார்க் சிலை. தெருக்களெல்லாம் நேர்க்கோடு. இந்தக் கட்டம் போட்ட அமைப்பு பிரெஞ்சுக்காரர்களுடையது என்று எல்லாரும் நினைக்கிறோம். 1693இலிருந்து 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அது. மதுரையில் ஆடி, சித்திரை, மாசி, வெளி என்று வீதிகள் கோயிலைச் சுற்றி வரும். பாண்டி சதுரங்கப் பலகை. எங்கே நுழைந்தாலும் கடலிலோ வாய்க்காலிலோ வந்து நிற்கும்.

அடுத்தது மேரி. நகரசபைக் கட்டடத்தை அப்படித்தான் சொல்வோம், பிரெஞ்சுச் சொல். மஞ்சளும் வெள்ளையுமாகக் கடலைப் பார்த்து நிற்கும். என் அப்பா அங்கே கொமி. அதாவது குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற பிரிவில் இருபத்தேழு வருஷம் இருந்தார். அழகான சாய்ந்த கையெழுத்து. ஊரில் முக்கால்வாசிப் பேர் பெயர் அந்தக் கையெழுத்தில்தான் ஏடேறியது. மாடியில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னல் அவருடையது. பள்ளி விட்டு வரும்போது கீழே நின்று "பப்பா" என்று கூப்பிடுவேன். எட்டிப் பார்ப்பார், பேசமாட்டார். கையால் 'வீட்டுக்குப் போ' என்பார்.

அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வழிகாட்டி சொன்னாள்: "இது பழைய கட்டடம் இல்லைங்க. 1870களில் கட்டினது 2014 நவம்பர் மழையில் இடிஞ்சு விழுந்துடுச்சு. அதே மாதிரி திருப்பிக் கட்டி 2021இல் திறந்தாங்க." எனக்குத் தெரியாத விஷயமில்லை. இடிந்த அன்று கோச்சடை வீட்டில் டிவியில் பார்த்தவன்தான். இருந்தாலும் அந்த நிமிஷம் மறந்துவிட்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலில் அப்பா ஒரு நாளும் நின்றதில்லை.

காந்தி திடல், சிலையைச் சுற்றி செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள், 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு போர் நினைவகத்துக்கு வந்தோம். முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்காக 1938இல் எழுப்பியது. ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு மரியாதை செய்வார்கள். கல்லில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர், "அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

என்னை அறியாமல் படித்துவிட்டேன். உரக்க, உச்சரிப்போடு. கடைசியாக வாய்விட்டுப் பிரெஞ்சு படித்து எத்தனை வருஷமாயிற்றோ, நாக்கு மறக்கவில்லை. அர்த்தமும் சொன்னேன்: தாய்நாட்டுக்காக உயிர் விட்ட பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்கு. நாம் தாய்நாடு என்கிறோம், பிரெஞ்சில் உள்ள 'பத்ரி' என்ற சொல் தந்தை என்பதிலிருந்து வருவது என்றும் சேர்த்துச் சொன்னேன். வாத்தியார் மாதிரி.

வழிகாட்டிப் பெண் ஒரு நிமிஷம் பார்த்தாள். "சார், நீங்க பாண்டியா?" என்றாள். "ஆமாம்மா" என்று ஒப்புக்கொண்டேன். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார், நான் பாட்டுக்குத் தப்பும் தவறுமா எல்லாப் பெயரையும் சொல்லிட்டு வரேனே" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். என் பேத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"தாத்தா, உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே. அப்பாவுக்கு ஏன் சொல்லித் தரல?"

"மதுரையில அது எதுக்கும்மா" என்றேன்.

அது பொய். வடக்கே கொஞ்சம் நடந்தால் பிரெஞ்சுத் தூதரகம். அந்த வாசல் முன்னால் நிற்கும்போது உண்மையைச் சொல்லாமல் முடியவில்லை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி ஊர் பிரான்சுக்குச் சொந்தமாகவே இருந்தது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஊரில் பிறந்து ஊரிலேயே இருந்தவர்கள் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பன் முடிவு செய்யலாம். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சில ஆயிரம் பேர் போட்டார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இன்றும் புதுச்சேரியில் இருந்தபடியே பிரான்சின் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள்.

என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாப் போரில் இருந்தவர். 1963 ஜனவரியில் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தார். "நாங்க போட்டாச்சு. நீயும் போட்டுடு. பையன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அவனுக்கு இங்கே என்ன இருக்கு?" என்றார். அப்பா, "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. பாயில் படுத்து, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 'பார்க்கலாம்' பிப்ரவரி நடுவில் தவணை முடிகிற வரை பார்க்கப்படவேயில்லை. பெரியப்பா குடும்பம் கப்பலேறியது.

நான் பிரெஞ்சு வழியிலேயே படித்து முடித்தேன். முடிக்கும்போது ஊரே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தேர்வு எழுதி, முதல் தடவை தோற்று, டைப்ரைட்டிங் கற்று, ஒரு வழியாக மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். முகவரிக்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு 'டி', பிரெஞ்சில் ஒன்று. நான் ஒன்றுதான் போடுவேன். மேலதிகாரி சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். பக்கத்து மேஜைக்காரர்கள் 'பிரெஞ்சு தொரை' என்று பெயர் வைத்தார்கள். மாற்றலில் மதுரை வந்து, கல்யாணமாகி, யு.டி.சி.யாகி, அதற்கு ஒரு படி மேலே போய் ஓய்வு பெற்றேன்.

பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன், அங்கே தபால் துறையில் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் செண்ட், சாக்லேட் கொண்டுவருவார். நல்ல மனுஷன். அவர் போன பிறகு ஒரு வாரத்துக்கு நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசமாட்டேன். அவர் சம்பளத்தை ரூபாயாக மாற்றி மனக்கணக்குப் போடுவேன். ஓய்வூதியம் வந்த பிறகும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. கணக்கின் முடிவில் எப்போதும் ஒரே பெயர்தான் வரும், அப்பா. 1984இல் அவர் இறக்கும் வரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குப் பயன்படாத பாஷை என் வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மகனுக்கு ஒரு சொல்கூடச் சொல்லித் தரவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த பள்ளிப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன்.

பாரதி பூங்காவில் கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தார்கள். நடுவே ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததற்காகக் கட்டியது. ஆயி என்ற தாசி தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. இன்று புதுச்சேரி அரசின் சின்னமே இந்த மண்டபம்தான். மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து, மேலே எழுதியதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். என் மனைவியிடம்கூட இப்படிக் கோவையாகச் சொன்னதில்லை.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்ப உங்க வீட்டில யார் யார் இருந்தீங்க தாத்தா?" என்றாள்.

"அப்பா, அம்மா, நான், அக்கா, ஆயா."

"ஆயான்னா?"

"அப்பாவோட அம்மா. கண்ணு தெரியாது. பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை."

"பெரிய பையன் கப்பல் ஏறிட்டாரு. சின்னவரும் ஏறிட்டா ஆயாவை யார் பார்ப்பாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போகவில்லை, போட்டுவிட்டு இங்கேயே இருந்தவர்கள் நிறையப் பேர் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் அன்று பேசிய பேச்செல்லாம் கப்பலைப் பற்றித்தான். கையெழுத்துப் போட்டால் மேரி வேலை என்னவாகுமோ என்ற பயமும் அப்பாவுக்கு இருந்திருக்கலாம். அல்லது ஒன்றுமே இல்லாமல், முடிவெடுக்க முடியாத மனுஷனாக நாளைக் கடத்தியிருக்கலாம். குமாஸ்தாக்களுக்கு அது கைவந்த கலை. எனக்குத் தெரியாதா? ஆயா 1971 வரை இருந்தாள். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில். அப்பாதான் காலையில் முகம் துடைத்து, காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு மேரிக்குப் போவார். அறுபது வருஷத்தில் அந்த இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்து நினைத்ததில்லை.

வழிகாட்டி கூப்பிட்டாள். நடந்தோம். 1827இலிருந்து இருக்கும் பொது நூலகம், இப்போது ரொமேன் ரோலான் பெயரில். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் யானை லட்சுமி இல்லை. 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்துபோனது. அந்தக் கோயிலைத் தாண்டிப் பெரிய வாய்க்காலைக் கடந்தால் தமிழர் பகுதி. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக வீடுகளைப் பழையபடி செப்பனிட்டிருக்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கிய தெரு. பிறகு ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. துய்ப்ளெக்ஸின் துபாஷி. 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் இறந்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் வெள்ளை நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளை இருபத்தைந்து வருஷம் யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்றெல்லாம் எழுதிவைத்தார். என் அப்பா இருபத்தேழு வருஷம் ஊரார் கதையையெல்லாம் பதிந்தார். தன் கதையை ஒரு வரி எழுதவில்லை.

பெரிய மார்க்கெட் வாசலில் நடை முடிந்தது. மணி பத்தே முக்கால். வழிகாட்டி, "சார், எங்க தப்பா சொன்னேன்னு சொல்லுங்க" என்று நோட்டை எடுத்தாள். நாலு தெருப் பெயரின் உச்சரிப்பைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். நாங்கள் குடியிருந்த வீடு அங்கிருந்து இரண்டு தெரு. பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். வீடு இல்லை. மூன்று மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை. எதிர்ப்புறம் நின்று ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம்.

அப்பா செய்தது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அந்தக் கையெழுத்து இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வார்த்தை காரணம் சொல்லாமல் பிள்ளையின் கதவை மூடினார் என்றுதானே இத்தனை வருஷம் அவர் மேல் கோபம்? என் மகனுக்கு நான் செய்ததும் அதுதான். திரும்பி வந்த அன்று ராத்திரி மகனிடம் சொன்னேன். "விடுங்கப்பா, எனக்கு இங்கிலீஷே தகராறு" என்று சிரித்தான். பிறகு, "சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னான்.

இப்போது தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் பேத்திக்கு அரை மணி நேரம் பாடம். புத்தகம் இல்லை, நாக்கில் இருப்பதுதான். இந்த வாரம் எண்கள். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது. 'அறுபது-பத்து' என்பார்கள். எழுபத்தைந்து என்றால் 'அறுபது-பதினைந்து'.

"அப்ப உங்க வயசு அறுபது-பதினஞ்சா தாத்தா?" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

எண்பதுக்கும் அப்படித்தான், 'நாலு-இருபது' என்று சொல்ல வேண்டும். அது வருவதற்கு எனக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அதற்குள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்துவிட வேண்டும்.